தொண்ணூற்றிரண்டரை மணி நேரம்

"இது செல்லாது சார், வெறும் தண்ணியா இருக்கு" என்று நசீமா சொன்னபோது டெரன்ஸ் மச்சாதுவுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பதினெட்டு வருஷம் கப்பலில் கயிறு இழுத்து, போசன் என்று பேர் வாங்கி, மேல்தளத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிற மனிதன், கப்பல் ஏறுவதற்கான மெடிக்கலுக்கு வந்து, மண்ணடியில் ஒரு இரண்டாம் மாடிக் கிளினிக்கில், தங்கை மகள் வயதுப் பெண் ஒருத்தி தன் மூத்திரத்துக்குக் குறை சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். "அடர்த்தியே இல்ல சார். ரொம்பத் தண்ணி குடிச்சிட்டீங்களா? பன்னெண்டரைக்குத் திரும்பக் குடுங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்காதீங்க, எங்கயும் போகாதீங்க, இங்கயே உக்காருங்க." குடித்ததுதான். மூன்று நாளாக வேறென்ன செய்தான். காலையில் வாழைத்தண்டுச் சாறு, மதியம் பார்லிக் கஞ்சி, சாயங்காலம் இளநீர், நடுவில் நடுவில் செம்பு செம்பாகத் தண்ணீர். உள்ளே இருப்பதையெல்லாம் கழுவிக் கொட்டிவிடலாம் என்று நம்பினான், தளம் கழுவுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும். அது கழுவிக் கழுவிக் கடைசியில் எதுவுமே இல்லாமல் போய், எதுவுமே இல்லாததுதான் சந்தேகம் என்று ஆகிவிட்டது. அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் இடுப்பில் அந்த இடம் விழித்துக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி மாத்திரை. வெள்ளி இரண்டு மணிக்கு இருபத்து நாலு. சனி, நாற்பத்தெட்டு. ஞாயிறு, எழுபத்திரண்டு. இன்று திங்கள் பத்தரைக்குத் தொண்ணூற்றிரண்டரை. இந்தக் கணக்கை முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியை விட்டது முதல் எத்தனை தடவை போட்டான் என்பதற்கு ஒரு தனிக் கணக்கு வேண்டும். டிரமடால் என்கிற அந்த வலி மாத்திரை மூத்திரத்தில் இரண்டிலிருந்து நாலு நாள் நிற்கும் என்று போனில் ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. நாலு நாள் என்றால் தொண்ணூற்றாறு, மூன்றரை மணி நேரம் குறைகிறது. இந்தப் பெண் இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னது ஒருவகையில் நல்லதுதான், தொண்ணூற்று நாலரை ஆகிவிடும். ஆனால் அதே பக்கத்தில் கீழே, தினமும் பல மாதம் தின்கிறவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம் என்றும் போட்டிருந்தது. அந்த வரியை அவன் ஒரே ஒரு தடவைதான் படித்தான், பிறகு விரலால் சட்டென்று மேலே தள்ளிவிட்டான், ஆனால் மனது தள்ளவில்லை, அது அந்த வரியிலேயே உட்கார்ந்துகொண்டது. பல மாதம் என்றால் எத்தனை. எட்டு மாதம் அதில் சேருமா. ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆரம்பித்து நாலு என்று வந்து நிற்பது தினமும் என்பதில் சேருமா. எழுதுகிறவன் தெளிவாக எழுதித் தொலைக்கக்கூடாதா. மருந்துக் கடை செல்வின் மூன்று நாள் போதும் என்றான், அவனுக்கு விற்கிற வேலை, அவன் மூன்று என்றுதான் சொல்வான். அதைவிட மோசமானது அதற்கும் கீழே இருந்தது. முடி என்று. தலைமுடியில் தொண்ணூறு நாள். ஒரு மாத்திரை தொண்டையில் இறங்கினால் அது மயிருக்குள் போய் மூன்று மாதம் உட்கார்ந்திருக்குமாம். படித்தபோது அவன் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அப்போது தலையில் முடி இருந்தது.

இப்போது இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் வேளாங்கண்ணியில் இறக்கியாகிவிட்டது. ஏசிக் காற்று மொட்டைத் தலையில் நேராக இறங்கியது, குளிர்ந்தது, உடனே வேர்த்தது, மறுபடி குளிர்ந்தது. கொட்டாவி வந்தது. நாலு நாளாகக் கொட்டாவிதான், தூக்கம் வந்தால் அல்லவா கொட்டாவிக்கு மரியாதை, தூக்கமே இல்லாமல் வெறும் கொட்டாவி, அதோடு மூக்கில் தண்ணீர், கையில் மயிர்க்கூச்சு, வயிற்றில் கடமுடா. கால் இரண்டும் ஒரு இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. ஜலதோஷம் என்று மெர்சலினிடம் சொல்லியிருக்கிறான். அவள் நம்பினாள். அவளுக்கு அவன் சொன்னதை நம்புவது பழக்கம், பதினாலு வருஷக் கல்யாணத்தில் ஒன்பது வருஷம் அவன் கடலில் இருந்திருக்கிறான், போனில் வருகிற குரலை நம்பாவிட்டால் ஒரு கப்பல்காரன் பெண்டாட்டி எப்படி இருக்க முடியும். "முடி குடுக்கணும்னு மாதாகிட்ட நேந்திருக்கேன்" என்று அவன் சொன்ன அன்று அவள் அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். கோயிலுக்கே இழுத்துக்கொண்டு போக வேண்டிய மனிதன். "எனக்குத் தெரியாமலே நேந்துக்கிட்டியளா?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அவன் தலையைக் குனிந்துகொண்டான், அதையும் அவள் பக்தி என்று எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும். சண்டை வந்திருக்கும், அழுகை வந்திருக்கும், அதெல்லாம் வந்து போயிருக்கும். இப்போது இருப்பதோ போகவே மாட்டேன் என்கிறது.

வேளாங்கண்ணியில் பழைய கோயிலுக்குப் போகிற மணல் பாதையில் முழங்காலில் நடப்பார்கள். அவன் முட்டி போட்டு இரண்டடி வைத்தான், இடுப்பில் யாரோ கடப்பாரையை இறக்கினாற்போல் இருந்தது, அப்படியே பக்கத்தில் கையை ஊன்றிவிட்டான். "நீங்க இருங்க, உங்களுக்காவ நான் போறேன்" என்று மெர்சலின் சேலையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவன் கூடவே நடந்தான், குடை பிடித்துக்கொண்டு. குடை பிடித்தானே, அதைச் சொல்ல வேண்டும், துரை அந்த மட்டும் செய்தார். அவள் உதடு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. இவருக்கு இந்தக் கப்பல் கிடைக்கணும் தாயே, இவர் மெடிக்கல்ல பாஸ் ஆகணும் தாயே என்றுதான் சொல்லியிருப்பாள். போய்ச் சேர்ந்தபோது இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. அவன் ஓரமாகப் போய் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து அந்த மணலைத் தட்டிவிட்டான். மாதாவை ஏமாற்றியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, அவள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள். அந்த முட்டிதான். அதை நினைத்தால் அவனுக்குத் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் செய்தித்தாள் புரட்டுகிறார். எதிரே தண்ணீர் கேன் குமிழ் விடுகிறது, குடிக்கக்கூடாது என்று சொன்ன பிறகு அது குமிழ் விடுகிற சத்தம் மட்டும்தான் அறையில் கேட்கிறது. சட்டைப் பையில் சீட்டு இருக்கிறது. எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்தது, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, மருந்துக் கடைக்காரர்களின் முத்திரைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தி, எட்டு மாதத்தில் ஒரு கிழவியின் கை மாதிரி ஆகிவிட்டது. ஐந்து நாளைக்கு மட்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மாட்டிக்கொண்டால் இதை எடுத்து நீட்டலாம், பாருங்க சார், டாக்டர் எழுதிக் குடுத்ததுதான், நான் கஞ்சாக்காரன் இல்ல என்று சொல்லலாம். ஆனால் மாத்திரை பெயருக்கு மேலே, அதே டாக்டர் அதே பேனாவால், இடுப்பு டிஸ்க் விலகியிருக்கிறது, பளு தூக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறாரே. சீட்டை நீட்டினால் மூத்திரம் பிழைக்கும், முதுகு மாட்டும். நீட்டாவிட்டால் முதுகு பிழைக்கும், மூத்திரம் மாட்டும். மாத்திரை போட்டிருந்தால் டாக்டர் குனியச் சொல்லும்போது சுலபமாகக் குனிந்துவிடலாம், மாத்திரை போடாததால் கப்பில் ஒன்றும் தெரியாது, ஆனால் குனிய முடியாது. இப்படி ஒரு கண்ணியை எவன் யோசித்துச் செய்தான். யாரும் செய்யவில்லை, தானே பின்னியது, கயிறு பின்னத் தெரிந்தவன்தானே. காலையில் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் முதுகுவலி உண்டா என்றிருந்த இடத்தில் இல்லை என்று எழுதினான். தற்போது சாப்பிடும் மருந்துகள் என்றிருந்த இடத்திலும் இல்லை என்று எழுதினான். இரண்டாவது இல்லையை எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. பொய் என்பதால் அல்ல. நாலு நாள் கணக்கில் அது உண்மை, அதுதான் காரணம். பர்சில் மாதா படத்துக்குப் பின்னால் ஒரே ஒரு மாத்திரை, அட்டையோடு வெட்டியது, இருக்கிறது. மெர்சலின் வைத்துவிட்ட படம். அதற்குப் பின்னால் யாரும் தேட மாட்டார்கள் என்று வைத்தான். தேடவில்லை.

வலி எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம். துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது நனைந்த கயிறு சறுக்கியது, அவன் விடாமல் பிடித்தான், இடுப்பில் ஏதோ நகர்ந்தது. விட்டிருக்கலாம். விட்டால் போசன் இல்லை. கப்பல் மருந்துப் பெட்டியிலிருந்து செகண்ட் ஆபீசர் ஒரு அட்டை கொடுத்தார். முதல் மாத்திரை அரை மணியில் வேலை செய்தது. வலி போனது மட்டும் என்றால் விட்டிருப்பான். அதோடு வேறு ஏதேதோ போயிற்று, பிள்ளைகள் ஞாபகம், அப்பா சாகும்போது பக்கத்தில் இல்லாத ஞாபகம், எல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டன. நன்றாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், ரொம்ப நன்றாக இருந்தது. ஆனால் அவன் நினைக்கக்கூடாது என்று வைத்திருப்பது அந்த மாத்திரையை அல்ல, அதற்கு மூன்று வாரம் கழித்து வந்த அந்த மத்தியானத்தை. அவன் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முந்தின துறைமுகம். கயிறு இழுக்கிற வின்ச்சின் நெம்புகோல் அவன் கையில், கயிறு இறுகுகிறது, முன்னால் பிலிப்பைன்ஸ்காரன் ரோலண்டோ நிற்கிறான், நிறுத்து என்று கை காட்டுகிறான். அவன் கை காட்டுவதை டெரன்ஸ் பார்க்கிறான். நன்றாகத்தான் பார்க்கிறான். பார்த்துவிட்டு, ஒரு கை காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறான். அது தனக்குத்தான் என்பது வந்து சேர இரண்டு நொடி ஆயிற்று. கயிறு அறுந்து ரோலண்டோவின் முழங்கால் பக்கமாகப் போயிற்று. இரும்புத் தூணில் பட்ட இடத்தில் பெயிண்ட் இல்லை. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் கால் போயிருக்கும். ரோலண்டோ வெளிறிப்போய், "ஓகே போசன், ஓகே, பழைய கயிறு" என்றான். கேப்டனும் பழைய கயிறு என்றுதான் எழுதினார். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு இந்தக் கப்பில் ஒன்றும் தெரியாவிட்டால், இருபது நாளில் இன்னொரு நெம்புகோல், இன்னொருவன் முன்னால் நிற்பான். கொட்டாவி வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அது கொட்டாவித் தண்ணீர்தான் என்று அவனே சொல்லிக்கொண்டான். மணி பன்னிரண்டு பத்து. மாட்டிக்கொண்டால். அந்த வார்த்தையை இத்தனை நாள் பயத்தோடு நினைத்தவன் இப்போது அதைத் திரும்ப ஒரு தடவை நினைத்துப் பார்த்தான், நாக்கில் வைத்துப் பார்ப்பது மாதிரி. மாட்டிக்கொண்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். கப்பல் போகும், மானம் போகும், மெர்சலினுக்குத் தெரியும். தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் எண்ண வேண்டியது ஒன்றுமில்லை. மனதின் ஏதோ ஒரு மூலை அங்கே போய்ப் படுத்துக்கொள்ள ஆசைப்பட்டது. அவன் அதை விரட்டினான்.

பன்னிரண்டரைக்கு நசீமா கூப்பிட்டாள். கழிப்பறையில் குழாயை அடைத்து வைத்திருந்தார்கள், பீங்கானில் நீல மருந்து கலந்த தண்ணீர், யாரும் கப்பில் ஊற்றி ஏமாற்றக்கூடாது என்பதற்காக. இந்த முறை மஞ்சளாக வந்தது. கப் கையில் சூடாக இருந்தது. இதற்குள் என்ன இருக்கிறது என்று தனக்கே தெரியவில்லையே என்று அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. "இப்ப கரெக்டா இருக்கு சார்" என்று நசீமா மூடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் வைகுந்தத்துக்கு அறுபது வயதிருக்கும், மேஜையில் பாதி தின்ற பிஸ்கட். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். டெரன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, கயிறு இழுக்கும்போது மூச்சை அடக்குவதுபோல் அடக்கி, குனிந்தான். தொட்டான். தொட்டுவிட்டு நிமிர்வதுதான் நீண்ட தூரமாக இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"பின்ன ஏன் இப்பிடி வேர்க்குது?"

"ஆஸ்பத்திரின்னாலே பயம் சார்."

நசீமா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கஞ்சா, கொக்கைன், ஹெராயின், அது, இது என்று ஆறு வரி, ஆறுக்கும் நேராக இல்லை, இல்லை, இல்லை. "எல்லாம் நார்மல். போயிட்டு வாங்க" என்றார். அவன் எழுந்திருக்கவில்லை. தொண்ணூற்று நாலரை மணி என்று மனது சொல்லிற்று, தப்பித்துவிட்டாய் என்றது, சந்தோஷம் வருவதற்காக அவன் ஒரு நிமிஷம் காத்திருந்தான். "சார், இந்த வலி மாத்திரை, டிரமடால், அதெல்லாம் இதுல தெரியாதா?" என்று வாய் கேட்டது.

"அதுக்குத் தனி டெஸ்ட் வைக்கணும். இந்தக் கம்பெனி கேக்கறது இந்த ஆறுதான்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?"

"சும்மாதான் சார். தெரிஞ்சவர் ஒருத்தர் அதிகமா சாப்பிடுதாரு."

"யாரு?"

அவர் நேராகப் பார்த்தார், கோபமில்லாமல், பார்க்க நேரமிருப்பவர் பார்ப்பதுபோல். சட்டைப் பையில் சீட்டு நெஞ்சில் உரசிற்று. நான்தான் சார். மூன்று வார்த்தைகூட இல்லை. ரோலண்டோ கை காட்டுகிறான், டெரன்ஸ் பார்க்கிறான், அது தனக்குத்தான் என்று தெரிகிறது, இந்த முறை உடனேயே தெரிகிறது. "மச்சான் சார்" என்றான்.

"திடீர்னு நிறுத்த வேணாம்னு சொல்லுங்க உங்க மச்சான்கிட்ட. அது அவஸ்தை. ஒரு டாக்டரப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். தனியா முடியாது." அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார். தகுதி.

படிக்கட்டில் பாதி இறங்கியதும் உட்கார்ந்துவிட்டான். தேடவே இல்லை. அந்த மாத்திரையை அவர்கள் தேடவே இல்லை. நாலு நாள் இரவு பகலாக உடம்பைப் பிழிந்தது, வாழைத்தண்டு, பார்லி, மொட்டை, மெர்சலினின் முட்டி, எல்லாம் யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு. வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகும் போட்டிருக்கலாம். நேற்றும் போட்டிருக்கலாம். இன்று காலை போட்டுக்கொண்டே வந்திருக்கலாம். இனி கப்பலிலும் போடலாம், எந்தத் துறைமுகத்தில் கப்பை நீட்டினாலும் அந்த ஆறுதான். இத்தனை நாள் ஒரு சுவர் இருக்கிறது, அதில் போய் முட்டுவோம் என்று பயந்துகொண்டிருந்தான். அங்கே சுவரே இல்லை. இந்த உலகத்தில் அவனைப் பிடித்து நிறுத்த யாருமே இல்லை என்பது தெரிந்தபோது அவனுக்குக் கப்பல் கிடைத்த மனிதனின் முகம் இல்லை. பர்ஸ் கையில் இருந்தது. மாதா படம் மடியில் இருந்தது. எப்போது எடுத்தான். போன் அடித்தது, மெர்சலின்.

"ஏங்க, என்னாச்சு?"

"பாஸ்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நான் சொன்னம்லா, மாதா கைவிட மாட்டா. இடுப்புக்கு அந்த எண்ணெயத் தேச்சியளா?"

"தேச்சேன்."

"வலி இருக்கா?"

அட்டையில் கட்டைவிரல் அழுத்தியது. பாட்டிலில் காலையில் வாங்கிய தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. இன்று ஒன்றுதான், வலி அப்படி இருக்கிறது, ஊருக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிடலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், அவர்தான் சொன்னாரே, திடீரென்று நிறுத்தக்கூடாது என்று. டாக்டரே சொல்லிவிட்டார்.

"என்னத்த முழுங்குதிய?" என்றாள் மெர்சலின்.

"தண்ணி."

"குடிங்க, குடிங்க. காலையில இருந்து பட்டினியா இருந்திருப்பிய." அவள் குரலில் சிரிப்பு வந்துவிட்டது, ரொம்ப நாளைக்குப் பிறகு. "மொட்டையோட போட்டோ எடுத்து அனுப்பிராதிய கம்பெனிக்கு. கப்பல் ஏறதுக்குள்ள கொஞ்சமாவது வளந்துரும்."

அவன் உச்சந்தலையைத் தடவினான். உள்ளங்கையில் சொரசொரவென்று பட்டது. இரண்டு வாரத்து முடி. வளர ஆரம்பித்துவிட்டது.